ஆய்வு எழுத்து நடத்தும் வேலை உங்கள் தலையில் விழுந்தால்

"ஆய்வு எழுத்து" என்ற தாளை நடத்தச் சொல்லி என் கையில் கொடுத்தபோது, அதனுடன் வந்தது ஒரே ஒரு பக்கப் பாடத்திட்டம். மொத்தம் ஐந்து அலகு. முதல் அலகு ஆய்வின் பொருளும் வகைகளும், கடைசி அலகு மேற்கோளும் துணைநூற்பட்டியலும். நடுவில் எங்கோ "எழுதும் முறை" என்று இரண்டே சொல். வடசென்னையில் ஒரு கலை அறிவியல் கல்லூரி, ஷிஃப்ட் டூ. நான் ஆங்கிலத் துறையில் தொகுப்பூதியத்தில் இருப்பவள். எம்.ஏ. தமிழ், வரலாறு, பொருளாதாரம், எம்.காம். நான்கையும் ஒரே அறையில் உட்கார வைத்து, அறுபது பேருக்கு மேல், வாரத்துக்கு நான்கு மணி நேரம். ப்ராஜெக்ட்டைத் தமிழில் எழுதலாம், ஆங்கிலத்திலும் எழுதலாம். இதற்கு முன் இதை நடத்தியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். கேட்க ஆள் இல்லை. இதே நிலையில் நின்ற யாராவது ஒருவர் என்னை உட்கார வைத்து ஒரு சாயங்காலம் பேசியிருந்தால் எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் மிச்சமாகியிருக்கும், கையிலிருந்து கணிசமான பணமும் போயிருக்காது. அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பிள்ளைகளைப் பற்றி. எண்ணூர், திருவொற்றியூர், மீஞ்சூர், பொன்னேரி பக்கமிருந்து புறநகர் ரயிலில் வருபவர்கள். பலருடைய வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவர்கள்தான். காலையில் துணிக்கடையிலோ மருந்துக்கடையிலோ நின்றுவிட்டு மாலையில் வகுப்புக்கு வருவார்கள். முதல் வாரமே, "உங்க ப்ராஜெக்ட் தலைப்புக்கு ஒரு பக்க முன்னுரை எழுதிக்கிட்டு வாங்க" என்றேன். வந்த தாள்களில் பாதிக்கு மேல் "மனிதன் தோன்றிய காலம் முதல்" என்றோ "இன்றைய நவீன உலகில்" என்றோ தொடங்கின. முடிவில் ஒரு குறள் அல்லது ஒரு பொன்மொழி. துறையில் பேசிக்கொண்டார்கள், "இந்தப் பசங்களுக்கு எழுதவே வராது மேடம், டைம் வேஸ்ட் பண்ணாதீங்க" என்று. எனக்கு அது உறைத்தது. அந்தத் தாள்களைத் திரும்பத் திரும்பப் படித்தபோது வேறொன்று தெரிந்தது. எழுத வராத பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரி எழுத மாட்டார்கள். பத்தாம் வகுப்பிலிருந்து குறிப்புச் சட்டகம் கொடுத்து முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று எழுத வைத்தோமே, அந்தக் கட்டுரையை இவர்கள் அச்சுப் பிசகாமல் எழுதுகிறார்கள். ஒரு வகை எழுத்தை நன்றாகக் கற்றவர்கள். அது செல்லாத இடத்துக்கு அதையே எடுத்து வந்திருக்கிறார்கள், ஏனென்றால் வேறு எதையும் யாரும் காட்டவில்லை. இதை நீங்கள் முதல் நாளே மனதில் வைத்துக்கொண்டால் பிள்ளைகள் மேல் வரும் சலிப்பில் பாதி குறையும்.

அந்த முதல் செமஸ்டர் முழுக்க நான் செய்தது திருத்தம். ஒற்று, ஒருமை பன்மை, ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கு டென்ஸ், ஆர்ட்டிகிள். ஒரு தாளுக்கு இருபது நிமிடம் என்று வைத்தால் அறுபது தாளுக்கு எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வார இறுதியில் நான் எடுத்துக்கொண்டிருந்த பிளஸ் டூ டியூஷனை விட்டேன். மாதம் 6,000 ரூபாய் அதில் வந்துகொண்டிருந்தது. கழுத்து வலிக்கு பிசியோதெரபி தனிச் செலவு. இவ்வளவுக்கும் பலன்? அடுத்த வரைவில் நான் வட்டமிட்ட பிழைகள் போயிருக்கும், "மனிதன் தோன்றிய காலம்" அப்படியே இருக்கும். செமஸ்டர் கடைசியில், வகுப்பிலேயே மிக உழைப்பாளியான பெண் ஒருத்தி, வீட்டில் நகையை வைத்து 8,000 ரூபாய் கட்டி ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் அறிக்கையை வாங்கிக்கொண்டு வந்தாள். பைண்டிங் எல்லாம் பளபளவென்று இருந்தது. "நீங்க ரெட் இங்க்ல அவ்ளோ போட்டீங்க மேம், நமக்கு வராதுன்னு முடிவு பண்ணிட்டேன்" என்றாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. இப்படிக் கையறு நிலையில் இருக்கும்போதுதான் "ஆய்வு எழுத்துப் பயிற்றுநர் சான்றிதழ்" மாதிரியான விளம்பரங்கள் போனில் வரும். நான் 12,000 ரூபாய் கட்டி ஆன்லைனில் ஒன்றில் சேர்ந்தேன். வந்தது ஸ்லைடுகள், மேற்கோள் மென்பொருள் பற்றி ஒரு வீடியோ, ஒரு சான்றிதழ். வகுப்பில் திங்கட்கிழமை என்ன செய்வது என்ற கேள்விக்கு அதில் ஒரு வரி கூட இல்லை. பணம் கட்டுவதற்கு முன், "ஒரு மாணவனோட வரைவை எடுத்து, அது எப்படி மாறுச்சுன்னு காட்டற வகுப்பு ஏதாவது இருக்கா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

எனக்கு வழி திறந்தது, வகைமையை, அதாவது ஒவ்வொரு வகை எழுத்துக்கும் உள்ள அமைப்பை, வைத்து எழுத்தைக் கற்பிப்பது பற்றி ஏற்கெனவே பெரிய வேலை நடந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு. ஜான் ஸ்வேல்ஸ் என்ற மொழியியலாளர், சூடானின் கார்ட்டூம் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த அனுபவம் உள்ளவர், 1981-இல் 48 ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளை மட்டும் எடுத்து, ஒவ்வொரு பகுதியும் என்ன சொல்கிறது என்பதை விட்டுவிட்டு என்ன செய்கிறது என்று பார்த்தார். 1990-இல் அதைச் செப்பனிட்டு மூன்று நகர்வுகளாகச் சொன்னார். முதலில் களத்தைக் காட்டுவது: இந்தப் பொருள் முக்கியம், இதில் இன்னின்னார் வேலை செய்திருக்கிறார்கள். இரண்டாவது, அந்தக் களத்தில் ஒரு இடைவெளியைக் காட்டுவது: இது பார்க்கப்படவில்லை, இது சரியாக நிறுவப்படவில்லை. மூன்றாவது, அந்த இடைவெளியில் தன் ஆய்வை நிறுத்துவது. படித்ததும் எங்கள் பிள்ளைகள் ப்ராஜெக்ட்டில் எழுதிய முன்னுரைகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். முதல் நகர்வு ஆறு பக்கம். மூன்றாவது நகர்வு ஒரு வரி. இரண்டாவது யாரிடமும் இல்லை. ஒரு செமஸ்டர் முழுக்க நான் சிவப்பு மை கொட்டியும் தொடாத இடம் இதுதான்.

ஆனால் இதை நேராக வகுப்பில் போய்ச் சொன்னால் இன்னொரு "நோட்ஸ்" ஆகிவிடும் என்ற பயம் இருந்தது. அதனால் நன்றியுரையில் தொடங்கினேன். இதை எல்லாருக்கும் சிபாரிசு செய்வேன். பழைய ப்ராஜெக்ட் ஒன்றின் நன்றியுரையை வாக்கியம் வாக்கியமாகக் கத்தரித்து, கலைத்துப் போட்டு, குழுவுக்கு ஒரு கவரில் கொடுத்து அடுக்கச் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் அடுக்கிவிட்டார்கள். முதலில் இறைவன், பிறகு செயலர், முதல்வர், துறைத்தலைவர், நெறியாளர், அப்புறம் அம்மா அப்பா, கடைசியில் நண்பர்களும் டிடிபி செய்து கொடுத்தவரும். "துறைத்தலைவருக்கு முன்னாடி அம்மாவைப் போட்டா என்ன?" என்று கேட்டேன். "போடக் கூடாது மேம், அது அப்படித்தான்." "யார் சொல்லிக்கொடுத்தாங்க?" யாரும் இல்லை. பத்து நன்றியுரை பார்த்ததில் தானாக வந்தது. அப்போதுதான் சொன்னேன், முன்னுரைக்கும் இந்த மாதிரி ஒரு வரிசை இருக்கு, அந்த வரிசைக்குப் பின்னாடி ஒரு காரணமும் இருக்கு, நீங்க இன்னும் பத்து முன்னுரை பாக்கலை, அவ்ளோதான் என்று. வகுப்பில் தலைகள் நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

மாதிரிகளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. பெரிய ஆங்கில ஆய்விதழ்க் கட்டுரையை எடுத்துக் கொடுத்தால் பிள்ளைகள் முதல் பத்தியிலேயே விலகிவிடுவார்கள்; எம்.ஏ. ப்ராஜெக்ட் அந்த வகையும் இல்லை. ஷோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன, தமிழில் எழுதியவையும் உண்டு. ஒவ்வொரு துறைக்கும் அந்தத் துறையின் ஆய்வேட்டிலிருந்தே முதல் இயலின் மூன்று நான்கு பக்கம் எடுங்கள். நல்லது இரண்டு, சுமாரானது ஒன்று. சுமாரானது அவசியம், ஏனென்றால் அதில் குறை கண்டுபிடிக்கும்போதுதான் பிள்ளைகளுக்குத் தைரியம் வருகிறது. தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் ரோஜா முத்தையா நூலகமும் இருக்கின்றன, தமிழ்த்துறைப் பிள்ளைகளுக்குப் பொக்கிஷம். ஆனால் மீஞ்சூரிலிருந்து வரும் பெண் தரமணி போய்வர ஒரு நாள் கூலியை விட வேண்டும். அதனால் போனில் திறக்கக்கூடியதைத்தான் முதன்மையாக வைத்தேன். எழும்பூர் கன்னிமாரா நூலகம் ரயில் பிள்ளைகளுக்குச் சற்றுப் பக்கம். அதற்கு ஒரு குழுவாகப் போனோம்.

பக்கங்களைக் கொடுத்து, ஓரத்தில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே அது செய்யும் வேலையை ஒரு வினைச்சொல்லில் எழுதச் சொன்னேன். "முக்கியத்துவம் சொல்றாரு", "பழைய ஆய்வைச் சொல்றாரு", "வரையறுக்கிறாரு", "குறை காட்டறாரு". முதலில் சுருக்கம்தான் எழுதுவார்கள், "சுய உதவிக் குழு பற்றிச் சொல்கிறார்" என்று. அதை விடாமல் திருப்பி அனுப்ப வேண்டும். இது பிடிபட நேரம் எடுக்கிறது, அவசரப்படாதீர்கள். பிடிபட்டுவிட்டால், அதற்கப்புறம் அவர்கள் எந்தக் கட்டுரையையும் வேறு கண்ணோடு படிக்கிறார்கள்.

தடை வந்தது இரண்டாவது நகர்வில். எம்.ஏ. தமிழ் மாணவன் ஒருவன் எழுந்து, "பெரிய பெரிய அறிஞருங்க எழுதியிருக்காங்க மேம், அதுல இது இல்லைன்னு நான் எழுதினா திமிர்னு நெனப்பாங்க. வைவா-ல மார்க் போயிடும்" என்றான். வகுப்பு முழுக்க அமைதியாகத் தலையாட்டியது. இதற்கு மேலைநாட்டுப் புத்தகங்களில் விடை இல்லை. ஆசிரியரை, மூத்தவரை மறுத்துப் பேசாமல் வளர்க்கப்பட்ட பிள்ளைகளிடம் "இடைவெளியைக் காட்டு" என்று சொன்னால் அது வெறும் எழுத்துத் திறன் சார்ந்த வேலையாக இருப்பதில்லை. அன்று நான் பதில் சொல்லத் தெரியாமல் தமிழ்த்துறைத் தோழி ஒருவரிடம் போய் நின்றேன். அவர் யோசிக்கவே இல்லை. "நன்னூல் பாயிரத்துல எழுவகை மதம் இருக்கே, அதை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார்.

நன்னூல் பழைய தமிழ் இலக்கண நூல், பாயிரம் அதன் முன்னுரை, மதம் என்றால் இங்கே கொள்கை. நன்னூலை எழுதிய பவணந்தியார் சொல்லும் அந்த ஏழையும் போர்டில் எழுதினேன். பிறர் கருத்துக்கு உடன்படல், மறுத்தல், பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைதல், தானே ஒரு பொருளை நாட்டி அதை நிறுவுதல், இருவர் மாறுபட்ட இடத்தில் ஒரு பக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல், பிறரோடு படாமல் தன் கருத்தைக் கொள்ளல். "பிறர் நூற்குற்றம் காட்டல்னு எழுதி வெச்சிருக்காரு. அவருக்குத் திமிரா?" என்று கேட்டேன். அந்த மாணவன் மெல்லச் சிரித்தான். அதே பாயிரத்தில் ஒரு நூலின் சிறப்புப்பாயிரம் என்னென்ன காட்ட வேண்டும் என்று எட்டுப் பொருள் இருக்கிறது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். ஓர் ஆய்வேட்டின் முதல் இயலில் நாம் கேட்பதில் முக்காலும் இதில் அடங்கிவிடுகிறது. முன்னோர் ஆய்வு "வழி"யில் வருகிறது, ஆய்வு எல்லை "எல்லை"யில் வருகிறது, ஆய்வின் பயன் "பயன்" என்பதில் வருகிறது. இந்த எட்டைச் சொல்லிவிட்டு அவர், காலம், களம், காரணம் மூன்றையும் சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு என்று முடிக்கிறார். "இதோ, இங்கயே மத்தவங்க கருத்தைக் குறிச்சிருக்காரு மேம்" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் சொன்னாள். தொல்காப்பியத்தில் வரும் "என்மனார் புலவர்", உரையாசிரியர்களின் "என்பாரும் உளர்" எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் வாயிலிருந்தே வந்தன. மேற்கோள் காட்டுவதும், எதிர்ப்பதும், ஒரு கருத்தை அளந்து சொல்வதும் எங்கிருந்தோ இறக்குமதியான பழக்கம் என்ற எண்ணம் அன்றோடு போயிற்று. எம்.காம். பிள்ளைகள்கூட அந்த ஏழையும் எழுதிக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் இந்தத் தாளை நடத்தும் எவரும் இதைக் கையில் வைத்துக்கொள்ளாமல் வகுப்புக்குள் போக வேண்டாம் என்பேன்.

நன்னூல் இன்னொரு வகையிலும் உதவியது. நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றங்களை என் திருத்தக் குறியாக வைத்துக்கொண்டேன். சிவப்பு மைக்குப் பதில் பென்சிலில் ஓரத்தில் "கூறியது கூறல்", "மற்றொன்று விரித்தல்", "வெற்றெனத் தொடுத்தல்", "சென்று தேய்ந்து இறுதல்". எது என்று அவர்களே கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். எழுத்துப்பிழையைக் கடைசி வரைவு வரைக்கும் தொடுவதில்லை. இந்த வாரம் இரண்டாம் நகர்வு என்றால் அதை மட்டும் படிப்பேன். ஒரு தாளுக்கு ஐந்து நிமிடம், வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. குரலில் சொன்னால் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். மையில் எழுதினால் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள்.

மாதிரியைப் பிரித்துப் பார்த்ததும் "சரி, இப்ப நீங்க எழுதுங்க" என்று விட்டுவிடக் கூடாது. நடுவில் ஒரு படி இருக்கிறது, அதுதான் உயிர். 1980களில் சிட்னியில் ஜிம் மார்ட்டின், ஜோன் ரோதரி போன்ற மொழியியலாளர்கள், ஹாலிடே என்ற மூத்த மொழியியலாளரின் இலக்கணக் கோட்பாட்டை அடித்தளமாக வைத்து, வசதி குறைந்த பகுதிப் பள்ளிகளில் செய்த வேலை இது. பிள்ளைகளைச் சுதந்திரமாக எழுத விட்டால் தானாக வந்துவிடும் என்ற முறை, வீட்டிலேயே புத்தக மொழி இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் கைகொடுக்கிறது, மற்றவர்களுக்கு வகைமையை வெளிப்படையாகச் சொல்லித்தர வேண்டும் என்பது அவர்கள் வாதம். மாதிரியைப் பிரித்துப் பார்ப்பது, ஆசிரியரும் வகுப்பும் சேர்ந்து ஒன்றை எழுதுவது, பிறகு தனியாக எழுதுவது என்று மூன்று கட்டம். அந்த நடுக் கட்டத்தை நான் போர்டில் செய்தேன்.

காசிமேட்டு மாணவி ஒருத்தி எடுத்திருந்தது, மீன் விற்கும் பெண்களின் கடன் பற்றிய ஆய்வு. "சொல்லும்மா, உனக்கு இது எதுக்குத் தோணுச்சு?" என்றேன். "எங்கம்மா குழுக்கடனும் வாங்குவாங்க, தண்டலும் வாங்குவாங்க, சீட்டும் கட்டுவாங்க. ஒண்ணை வெச்சு ஒண்ணை அடைப்பாங்க. புக்ல எல்லாம் குழுவை மட்டும் தனியா எழுதியிருக்காங்க மேம்." வகுப்பே அமைதியாகிவிட்டது. இரண்டாம் நகர்வு அவள் வாயிலேயே இருந்தது. அதை எழுத்துக்குக் கொண்டுவர வேண்டியதுதான் பாக்கி. "இதுவரை யாரும் இதை ஆராயவில்லைன்னு எழுதலாமா?" என்று ஒருவன் கேட்டான். "எல்லாத்தையும் படிச்சுட்டியாப்பா?" "இல்ல மேம்." "அப்ப எவ்ளோ படிச்சோமோ அவ்ளோ சொல்லு." இப்படியே இழுத்து, அழித்து, மறுபடி எழுதி, போர்டில் நின்றது இது: "பெண்களின் சேமிப்பில் சுய உதவிக் குழுக் கடனின் பங்கைப் பலர் ஆராய்ந்துள்ளனர். இவ்வாய்வுக்காக வாசிக்கப்பட்ட ஆய்வேடுகள் குழுக்கடனைத் தனித்தே நோக்குகின்றன. ஒரே பெண் குழுக்கடன், தண்டல், சீட்டு ஆகியவற்றை ஒரே காலத்தில் கையாளும் முறை அவற்றில் இடம்பெறவில்லை. காசிமேட்டில் மீன் விற்கும் பெண்களிடம் நடத்திய நேர்காணல்கள் வழி இவ்வாய்வு அம்முறையை விளக்க முயல்கிறது." நான்கு வாக்கியத்துக்கு ஒன்றரை மணி நேரம். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டு, "இது நான் சொன்னதுதானே மேம்?" என்று கேட்டாள். ஆமாம், அவள் சொன்னதுதான்.

அடுத்து வந்தது பெரிய தலைவலி. நான் போர்டில் எழுதியதை ஒரு மாணவன் நல்ல எண்ணத்தில் தட்டச்சு செய்து, பெயர்ச்சொல் வரும் இடங்களில் கோடு போட்டு, "ஃபில் அப் பண்ணா போதும்" என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். அது அடுத்த பேட்ச் வரைக்கும் போனது. அந்த வருடம் சமர்ப்பித்த முன்னுரைகளில் "தனித்தே நோக்குகின்றன" என்ற சொல் எத்தனை இடத்தில் வந்தது என்று சொல்ல முடியாது. வெளித்தேர்வாளர், "எல்லாத்தையும் ஒரே ஆள் எழுதின மாதிரி இருக்கே" என்றார். துறையில் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைகளுக்கு நானே எழுதிக் கொடுக்கிறேனா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி இன்னமும் வலிக்கிறது. என் வரைவுக் கோப்புகளையும் குரல் பதிவுகளையும் வைத்திருந்ததால் தப்பித்தேன். ஒவ்வொரு மாணவரின் முதல் வரைவு முதல் கடைசி வரைவு வரை தேதியோடு ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். உங்களையும் பிள்ளைகளையும் காப்பாற்றும் ஒரே ஆதாரம் அது.

ஒப்புமைச் சோதனை, அதாவது வேறெங்கிருந்தாவது நகலெடுத்திருக்கிறதா என்று பார்ப்பது, அதைப் பற்றிய பயமும் அப்போதுதான் கிளம்பியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி ஆய்வேட்டில் 10 சதவீதம் வரை ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பொது அறிவாகவோ தற்செயலாகவோ தொடர்ந்து 14 சொல் வரை ஒன்றிப்போவதை அந்த விதி கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் "இவ்வாய்வு விளக்க முயல்கிறது" மாதிரியான பொதுத் தொடர்களுக்குப் பிள்ளைகள் பயப்பட வேண்டாம். முழு வாக்கியத்தைத் தூக்கி வைப்பதும், பத்தியின் ஓட்டத்தையே நகலெடுப்பதும்தான் பிரச்சினை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் ஒரு மாதிரியை மட்டும் வைத்து எப்போதும் நடத்துவதில்லை. வரிசையை மீறிய முன்னுரை ஒன்று கட்டாயம் இருக்கும்: இடைவெளியிலேயே தொடங்குவது, அல்லது ஒரு கல்வெட்டு வரியில் தொடங்கும் வரலாற்று ஆய்வேடு. "இவர் ஏன் இப்படி ஆரம்பிச்சாரு, இதனால என்ன கிடைச்சுது?" என்று கேட்பேன். போர்டில் சேர்ந்து எழுதியது வகுப்பு முடியும்போது அழிக்கப்படும், போட்டோ கிடையாது. தனியாக எழுதும்போது வேறு தலைப்பு, வேறு ஓட்டம்.

நான்கு துறையையும் ஒன்றாக வைத்து நடத்துவது முன்னுரை வரைக்கும்தான் தாங்கும். அதற்கப்புறம் பிரித்துவிடுங்கள். எம்.காம். ப்ராஜெக்ட்டின் நோய் வேறு. அட்டவணை ஒன்று, அதற்குக் கீழே "மேற்கண்ட அட்டவணையிலிருந்து 42 சதவீதம் பேர் ஆண்கள், 58 சதவீதம் பேர் பெண்கள் எனத் தெரிகிறது" என்று அட்டவணையையே வாக்கியமாக எழுதுவார்கள், முப்பது அட்டவணைக்கும். அவர்களுக்கு ஒரே ஒரு விதி வைத்தேன்: அட்டவணையில் கண்ணால் பார்த்தாலே தெரிவதை எழுதக் கூடாது, எதிர்பாராதது என்ன, ஏன் அப்படி இருக்கலாம், முன்னோர் ஆய்வோடு ஒத்துப்போகிறதா என்பதை எழுது. "இருக்கலாம்", "எனக் கருத இடமுண்டு" என்ற அளவான சொல்கள் அங்கேதான் தேவைப்படும். தமிழ்த்துறை ஆய்வேட்டில் அந்த மாதிரி முடிவுகள் இயலே இருக்காது, விவாதம் இயல் முழுக்க விரவியிருக்கும். அந்தப் பிள்ளைகளிடம் போய் முறையியல், முடிவுகள், விவாதம் என்று தனித்தனியாகக் கேட்டால் குழப்பம்தான்.

சாட்ஜிபிடி 2022 கடைசியில் வந்த பிறகு பலர் அதில் எழுதி வாங்கி வருகிறார்கள். நான் தடுப்பதில்லை, வகுப்பில் திரையில் போட்டு நகர்வுகளைக் குறிக்கச் சொல்கிறேன். வரிசை பிசகாமல் இருக்கும். இரண்டாம் நகர்வுக்கு வந்ததும், "ஆய்வுகள் குறைவு-ன்னு சொல்லுதே, எந்த ஆய்வைப் பாத்துட்டுச் சொல்லுது?" என்று கேட்டு, அது கொடுக்கும் மேற்கோள்களைத் தேட வைக்கிறேன். சில இருக்கும், சில உலகத்திலேயே இருக்காது. அதைத் தாங்களே கண்டுபிடித்த பிள்ளை அடுத்த முறை கவனமாக இருக்கிறது.

கடைசியாக, நிர்வாகம் பற்றிச் சொல்லாவிட்டால் இது முழுமையாகாது. நான்கு வாக்கியத்துக்கு ஒன்றரை மணி நேரம் செலவழித்தால் போர்ஷன் முடியாது. முடிக்கவில்லை என்று எனக்கு எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். மாதிரிகளுக்கான ஜெராக்ஸ் செலவு ஒரு செமஸ்டருக்கு 4,000 ரூபாயைத் தாண்டியது, என் 18,000 ரூபாய்ச் சம்பளத்திலிருந்து. அதனால் இந்தத் தாளை ஏற்பதற்கு முன் பேசிவிடுங்கள், எழுத்தில் வாங்குங்கள். வகுப்பு முப்பது பேருக்கு மேல் வேண்டாம். மணி நேரங்கள் தனித்தனியாக இல்லாமல் இரண்டு மணி நேரமாகச் சேர்த்து வர வேண்டும், ஒரு மணி நேரத்தில் சேர்ந்து எழுதுவது நடக்காது. ஜெராக்ஸ் துறைக் கணக்கில் போக வேண்டும். ஒவ்வொரு துறையிலிருந்தும் ஓர் ஆசிரியர் மாதம் ஒரு வகுப்புக்காவது வந்து உட்கார வேண்டும், ஏனென்றால் அந்தத் துறையின் வகைமை அவருக்குத்தான் தெரியும். நான் இந்த ஜூனுக்கு இதையெல்லாம் கேட்டிருக்கிறேன். இரண்டு மணி நேர வகுப்புக்கும் ஜெராக்ஸுக்கும் சம்மதித்துவிட்டார்கள். தமிழ்த்துறைத் தோழி வருவதாகச் சொல்லிவிட்டார். முப்பது பேர் விஷயத்தில் இன்னும் பேச்சு நடக்கிறது.